டேஷ்கேம் பொருத்தும் டிராவல்ஸ்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றிவரும் டாக்சிகளிலும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களிலும் இப்போது முன்கண்ணாடியில், சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம் என்ற கேமரா ஒட்டியிருப்பதைப் பரவலாகப் பார்க்க முடிகிறது. நான்கைந்து வண்டிகளோடு தொழில் தொடங்கும் இளைஞர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, எந்த மாடல் நல்லது, எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். பதிவானதை என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேமரா இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த காலத்தில் எங்களைப் போன்றவர்கள் செய்த தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். லென்ஸைத் துடைக்க வேண்டும், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் கேமராவை ஒட்ட வேண்டும் என்பவற்றைப் பெட்டியில் வரும் தாளே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெமரி கார்டில் மிச்சம் பிடிப்பது

விலை உயர்ந்த கேமராவை வாங்கி, பழைய செல்பேசியில் கிடந்த கார்டை அதில் செருகுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முழு எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 6 ஜிபி இடம் பிடிக்கும். ஆகவே 64 ஜிபி கார்டு பத்து மணி நேர ஓட்டத்தில் நிரம்பிவிடும். அதன் பிறகு கேமரா பழைய கோப்புகளை அழித்து, அந்த இடத்தில் புதியவற்றை எழுதிக்கொண்டே போகும். பெங்களூரு விமான நிலையத்துக்கு ஒருமுறை போய்வந்தாலே முழுக் கார்டும் ஒரு சுற்று எழுதப்பட்டுவிடும். சாதாரண கார்டு இப்படி ஓயாமல் எழுதி அழிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. டேஷ்கேமுக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் என்றே விற்கப்படும் 'ஹை எண்டியூரன்ஸ்' கார்டுகளைத்தான் வாங்க வேண்டும்.

கார்டு கெட்டுப்போனால் கேமரா பீப் பீப் என்று கத்தும். சவாரியில் இருக்கும் ஓட்டுநர் அதன் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுவார். விபத்து நடந்த அன்று கார்டைக் கழற்றிப் பார்த்தால் கடைசிப் பதிவு எப்போதோ நின்றுபோயிருக்கும். வாரம் ஒருமுறை கார்டைக் கணினியில் செருகி, முந்தைய நாள் சவாரி இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. வேலூர் வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கத்திரியில் மூடிய வண்டிக்குள் வெந்துகிடக்கும் கேமராவில் லித்தியம் பேட்டரி இருந்தால் அது உப்பிவிடும். பேட்டரிக்குப் பதிலாக, மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்த மாடலே நம் ஊருக்குத் தாங்கும்.

கடிகாரத்தைத் தவறாக விடுவது

பதிவில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதிலிருந்துதான் தொடங்குவார். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்த பதிவில் தெரியும் நேரத்தையும் ஃபாஸ்டாக் குறுஞ்செய்தியின் நேரத்தையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண் பலகை பதிவாகிவிடும் என்று நம்புவது

இரவில் பெரும்பாலும் தெளிவாகப் பதிவாகாது. இடித்துவிட்டு ஓடும் வண்டியின் எண்ணை ஓட்டுநர் வாய்விட்டுப் படிக்கட்டும். மைக்கில் அது பதிவாகும்.

வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிக் கொடுப்பது

மற்ற தவறுகளை அறியாமை என்று மன்னித்துவிடலாம். இதை விவரம் தெரிந்தவர்களே செய்கிறார்கள் என்பதால் எனக்கு இன்னமும் எரிச்சல் தீரவில்லை.

எனக்குப் பழக்கமான ஒருவர் ஒரு காலணித் தொழிற்சாலைக்கு வேன் விட்டிருந்தார். மாதனூர் அருகே தேசிய நெடுஞ்சாலை 48-இல், சர்வீஸ் சாலையிலிருந்து ஏறிய ஒரு பைக்கின் மீது அந்த வேன் மோதி, பைக்கில் வந்தவருக்குக் கால் முறிந்தது. அன்று மாலையே உரிமையாளர், பைக் குறுக்கே வருவதும் வேன் மோதுவதுமான சில வினாடிகளைச் செல்பேசியில் வெட்டியெடுத்து, தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் பரப்பினார். முழுப் பதிவையும் எடுத்து வையுங்கள் என்று நான் சொன்னபோது, "முன்னாடி ஓட்டினதெல்லாம் இன்னாத்துக்குண்ணா? அவன் குறுக்க வந்தது தெரியுதில்ல, அது போதும்" என்றார். தொழிற்சாலையின் நிர்வாக அதிகாரியும் அந்தத் துண்டை நம்பி, தங்களிடம் காலணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் தணிக்கையாளர்களுக்கு, எங்கள் வாகனத்தின் மீது தவறில்லை என்ற குறிப்போடு அனுப்பிவைத்தார்.

சில வாரங்கள் கழித்து, பின்னால் வந்த ஒரு பேருந்தின் கேமராப் பதிவு காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. வேன் ஒரு லாரியை இடப்பக்கமாக முந்திக்கொண்டு, சர்வீஸ் சாலை வந்து சேரும் இடத்தில் வேகம் குறையாமல் நுழைந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. லாரி வலப்பாதையை அடைத்துக்கொண்டு திடீரென்று பிரேக் போட்டதால்தான் இடப்பக்கம் ஒதுங்கினேன் என்று ஓட்டுநர் இன்றுவரை சொல்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லாரி பிரேக் போட்ட அந்தக் கணம் பேருந்தின் கேமராவில் விழவில்லை. அதைக் காட்டியிருக்கக்கூடிய ஒரே பதிவு, எதற்கு என்று உரிமையாளர் ஒதுக்கிய அந்த முன்பகுதிதான். அதற்குள் கார்டு பலமுறை சுற்றி எழுதப்பட்டு, அந்த நாளே அதில் இல்லாமல் போயிருந்தது. தொழிற்சாலை ஒப்பந்தத்தை ரத்து செய்தது. விபத்துக்காக ரத்து செய்வதாக அவர்கள் சொல்லவில்லை. தணிக்கையாளர்களிடம் தங்களைத் தலைகுனிய வைத்ததற்காக என்று நேராகவே சொன்னார்கள்.

நம் ஊர் வேன்காரர் செய்த இதே காரியத்தை, வழக்கறிஞர் படையே வைத்திருந்த ஒரு நிறுவனமும் செய்து அழிந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமான குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சிகள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓடிக்கொண்டிருந்தன. 2023 அக்டோபர் 2 இரவு, வேறொரு கார் இடித்துத் தள்ளிய ஒரு பெண் குரூஸ் காரின் முன்னால் வந்து விழுந்தார். முதலில் இடித்த காரின் ஓட்டுநர் தப்பிவிட்டார். குரூஸ் கார் அந்தப் பெண்மீது மோதி நின்றது. பிறகு, ஓரமாக ஒதுங்குவதாக நினைத்து, அடியில் அவர் சிக்கியிருந்த நிலையிலேயே சுமார் 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. நிறுவனம் செய்தியாளர்களுக்குப் போட்டுக்காட்டிய வீடியோ, கார் முதலில் நின்ற இடத்தோடு முடிந்துவிட்டது. அரசு அதிகாரிகளிடம் முழு வீடியோவையும் போட்டுக்காட்ட முயன்றபோது இணைய இணைப்பு தடங்கல் செய்தது; வீடியோவே சொல்லிவிடும் என்று இருந்துவிட்டு, இழுத்துச் சென்றதை நிறுவனத்தினர் வாய்திறந்து சொல்லவில்லை.

முதல் மோதலுக்குக் காரணம் வேறொரு மனிதர். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் குரூஸ் மீது அனுதாபம்கூட வந்திருக்கும். ஆனால் அந்த 20 அடி வெளியே வந்ததும், அக்டோபர் 24 அன்று கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை, ஓட்டுநரில்லாமல் வண்டியை இயக்குவதற்கான அனுமதியை நிறுத்திவைத்தது. நவம்பரில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். பொய்யான விபத்து அறிக்கை அளித்ததை ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அடுத்த மாதமே, அதுவரை 1,000 கோடி டாலருக்கும் மேல் கொட்டியிருந்த ரோபோ டாக்சித் திட்டத்தை ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. திட்டம் நின்றுபோனதற்குச் செலவும் போட்டியும் காரணங்கள்தான் என்றாலும், அந்நிறுவனத்தின் பேச்சை எவரும் நம்பாமல் போனது அந்த அக்டோபரில்தான்.

நேரத்தை வெட்டுவதைப் போலவே இடத்தை வெட்டுவதும் உண்டு. நிக்கோலா என்ற அமெரிக்க நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீடியோவில் அதன் மின்சார லாரி சாலையில் கம்பீரமாக ஓடியது. அது சரிவான சாலையில் உருட்டிவிடப்பட்ட, தானாக ஓடும் திறனற்ற வண்டி என்பது 2020-இல் அம்பலமானது. சரிவு கண்ணுக்குத் தெரியாதபடி கேமரா வைக்கப்பட்டிருந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அதன் நிறுவனருக்கு 2022-இல் எதிராகத் தீர்ப்பு வந்தது. 2025-இல் அவர் அதிபரின் மன்னிப்பைப் பெற்றுவிட்டார். நிறுவனம் அதே ஆண்டு திவால் மனு கொடுத்தது.

நம் சட்டமும் இவ்விஷயத்தில் இறுகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் பிரதியைத் தாக்கல் செய்யும்போது ஒரு சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். அதன் ஒரு பகுதியில் பதிவை வைத்திருப்பவரும் மற்றொரு பகுதியில் வல்லுநர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு வினாடியை வெட்டினாலும் அது மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும், அது கோப்பைச் சுருக்கி எழுதுவதால், மாறிவிடும். வெட்டிய துண்டை அனுப்பிவிட்டு மூலப் பதிவையும் இழந்தவர், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதை நம்பிச் சான்றிதழில் கையெழுத்திடுவார்?

ஆகவே விபத்து நடந்தால், அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பியதும் ஓட்டுநர் செய்ய வேண்டிய அடுத்த வேலை கேமராவை முறையாக நிறுத்திக் கார்டை வெளியே எடுப்பதாகும். 'லாக்' ஆகிவிட்டது என்று நம்பி அதே கார்டில் மீண்டும் ஓட்டக் கூடாது. மோதலின் அதிர்வை உணரும் ஜி-சென்சார் பூட்டிவைப்பது மோதிய அந்த ஓரிரு நிமிடக் கோப்பை மட்டுமே. அதற்கு முந்தைய கோப்புகள் வழக்கம்போல் அழிந்துகொண்டிருக்கும். அலுவலகத்தில் அந்தச் சவாரி முழுவதையும் கணினியில் படியெடுத்து, ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொண்டு, கார்டை உறையிலிட்டு ஒட்டி, மேலே தேதியும் வண்டி எண்ணும் எழுதி, ஓட்டுநரும் உரிமையாளரும் கையெழுத்திட்டுப் பீரோவில் வைக்க வேண்டும். புதிய கார்டின் விலை பெரிதல்ல. காவல் துறையோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால் முழுக் கோப்பையே கொடுங்கள், நமக்குப் பாதகமான பகுதியோடு சேர்த்து. வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அந்தப் பாதகத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பேருந்துக் கேமரா சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

இருட்டான பதிவை அப்படியே நம்புவது

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் இறந்தார். காவல் துறை வெளியிட்ட வெளிப்புற வீடியோவில் அவர் கும்மிருட்டிலிருந்து திடீரென்று தோன்றுவதைப் போலிருந்தது. பிறகு உள்ளூர்க்காரர்கள் அதே சாலையில் இரவில் ஓட்டி எடுத்த வீடியோக்களில் இடம் நல்ல வெளிச்சத்தோடு காணப்பட்டது. உட்புறக் கேமராவோ, பாதுகாப்புக்காக அமர்ந்திருந்த ஓட்டுநர் கீழே பார்த்துக்கொண்டிருந்ததைக் காட்டியது.

மலிவான சென்சார், கண் பார்த்ததைவிட இருட்டாக எழுதும். புதிய இரவுப் பார்வை மாடல்களோ கண்ணுக்குத் தெரியாததையும் வெளிச்சமாக்கி, ஓட்டுநர் பார்த்தும் இடித்தார் என்று தோன்றச் செய்யும். இரவு விபத்தானால் மறுநாள் அதே நேரத்தில் அதே கேமராவோடு அதே இடத்தைக் கடந்து பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தெந்தத் தெருவிளக்கு எரிகிறது என்பதையும் படமெடுத்து வையுங்கள்.

ஏர்பேக் தூணின் வழியே வயர் இழுப்பது

கதவோரத் தூணில், மோதலின்போது பக்கவாட்டில் திரைபோல் விரியும் ஏர்பேக் உள்ள வண்டியில், வயர் அதற்குக் குறுக்கே போகக் கூடாது. விவரம் அறியாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உட்புறக் கேமராவை ஓட்டுநருக்குச் சொல்லாமல் பொருத்துவது

சொல்லாமல் வைத்தால் இரண்டாவது நாளே அவர் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு ஸ்ரீபுரம் நாராயணி படம் போட்ட ஒரு தொங்கல் சரியாக லென்ஸுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும். சாமி படத்தைக் கழற்று என்று எந்த முதலாளியால் சொல்ல முடியும்? ஓட்டுநர் தூங்கி வழிந்தால் எச்சரிக்கவும், பயணி பொய்ப் புகார் கொடுத்தால் அவரைக் காப்பாற்றவும் அந்தக் கேமரா உதவும் என்று முதல் நாளே எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

பயணிகள் விஷயம் இதைவிடப் பெரியது. வேலூரில் நம் பின்னிருக்கையில் அமர்பவர்களில் பாதிப் பேர் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டோடு படுத்து வருபவரும், மருத்துவர் சொன்ன செய்தியைக் கேட்டு வழியெல்லாம் அழுபவரும் அந்தக் கேமராவில் முகத்தோடும் குரலோடும் பதிவாகிறார்கள். டெஸ்லா கார்களின் கேமராக்களில் பதிவான வாடிக்கையாளர்களின் அந்தரங்கக் காட்சிகளை, 2019 முதல் 2022 வரை அந்நிறுவன ஊழியர்கள் சிலர் தங்களுக்குள் அனுப்பிப் பார்த்து மகிழ்ந்ததை ராய்ட்டர்ஸ் 2023 ஏப்ரலில் வெளிக்கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் நடந்தது, பதிவுகளை அலுவலகக் கணினியில் கடவுச்சொல்லின்றி வைத்திருக்கும் நம்மிடம் நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம் இருக்கிறது?

உட்புறப் பதிவில் ஒலியை அணைத்துவிடுங்கள். கேமரா இருப்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பதிவைத் திறந்து பார்க்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுத்து, அவர் எப்போது எதற்காகத் திறந்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். புகார் எதுவும் வராத சவாரிகள் வாரத்துக்குள் அழிந்துவிட வேண்டும். புகார் வந்த சவாரியாக இருந்தால், ஓட்டுநர் தன் தரப்பைச் சொல்வதற்கு முன்பே முழுப் பதிவையும் அவருக்கு எதிரிலேயே போட்டுப் பாருங்கள். அவர் கேட்டால் ஒரு பிரதியும் கொடுங்கள்.