கார் ஏசி விட்டு விட்டு ஓடுகிறதா? கேஸ் அடிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

பானட்டைத் திறந்து வைத்து ஏசியைப் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கிற கிளட்ச் ஒட்டுகிற சத்தம். நாலைந்து நொடியில் இன்னொரு 'டிக்', விட்டுவிடும். மறுபடி ஒட்டும். உச்சி வெயிலில் ஏசி முழு வேகத்தில் ஓடும்போதும் இப்படியென்றால் கோளாறு. மார்கழி இரவில், உள்ளே நன்றாகக் குளிர்ந்த பிறகு விட்டு விட்டு ஓடுவது கோளாறே இல்லை. கூலிங் காயிலில் பனி கட்டாதிருக்க வண்டியே அப்படி நிறுத்துகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஏசியைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்பில் விடுவதுதான் முதல் தவறு.

கோளாறுதான் என்றால், "கேஸ் கம்மியா இருக்கும் சார், அடிச்சு விட்டுடலாம்" என்பார்கள். என் பழைய காருக்கு ஒரே கோடையில் இரண்டு முறை அடித்தார்கள். மூன்றாம் முறை போன இடத்தில் மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். கேஸின் சூட்டை வெளியே விட வண்டியின் முன்பக்கம் இருக்கும் கண்டென்சரின் கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்ப் பசை, அதன் மேல் அப்பிய புழுதி. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் போகிற இடத்தில் ஆயிலும் கசியும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. பல வருடங்களில் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் குறையலாம். இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை. அதைத் தேடாமல் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆயிலும் குறைந்துகொண்டே போவதால் கடைசியில் கம்ப்ரஸருக்கே கேடு.

கேஸ் குறைந்தால் ஏன் விட்டு விட்டு ஓடுகிறது? பல கார்களில் இருக்கும் ஆர் 134ஏ கேஸ், 28 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கிட்டத்தட்ட 0 டிகிரியில் கொதிக்கும். அளவு குறைந்து அழுத்தம் அதற்கும் கீழே இறங்கினால் காயிலின் ஒரு பகுதி மட்டும் உறைநிலைக்குப் போகும். உடனே பிரஷர் ஸ்விட்சோ காயில் சென்சாரோ கிளட்சை விடுவித்துவிடும். அந்த ஸ்விட்சில் ஒயர் போட்டு நேரடியாக ஓட வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது கம்ப்ரஸரின் காவல்காரன்.

அழுத்தம் அளக்கும் கேஜ் விஷயத்தில் இன்னொரு ஏமாற்று. ஏசி ஓடாதபோது கேஜை மாட்டி, "பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்" என்பார்கள். வீட்டு சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பாதி காலியானாலும் அடுப்பு அதே மாதிரிதான் எரியும். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததில்லை. அதனால்தான் சிலிண்டரை எடை போடுகிறோம். கார் ஏசியிலும் பழைய கேஸை எடுத்துவிட்டு, பானட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும் கிராம் கணக்குப்படி எடை பார்த்து ஏற்றுவதே முறை.

கூடுதலாக ஏற்றினாலும் இதே 'டிக் டிக்' வரும், காரணம்தான் நேர்மாறு. அழுத்தம் எகிறி ஸ்விட்ச் அணைத்துவிடும். கண்டென்சர் ஃபேன் ஓடாவிட்டாலும், அதன் இடுக்குகளில் பூச்சியும் புழுதியும் அடைத்திருந்தாலும் அதேதான். பைபாஸில் ஜில்லென்று இருந்துவிட்டு சிக்னலில் நின்றதும் அனல் வந்தால், கேஸைத் தொடும் முன் ஃபேனைப் பாருங்கள். முன்பக்கம் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் காற்று வருவதே குறைகிறதா? ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்தால் காற்று திரும்பி வருகிறதா? காயில் உறைந்திருக்கிறது. கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். சருகும் தூசியுமாக அடைத்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

கிளட்சுக்குக் கரண்ட் விடும் ரிலேயையும் கிளட்ச் இடைவெளியையும் பார்க்காமல் கம்ப்ரஸரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். ஓட்டையை அடைக்கும் என்று விற்கிற திரவத்தை உள்ளே விடவும் கூடாது, அது ஓட்டையோடு நிற்காமல் வால்வையும் அடைக்கும்.

எனக்குக் கண்டென்சரை மாற்றினார்கள். புது கேஸ் ஏற்றும் முன் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் போக, வேக்கம் பம்ப் குறைந்தது அரை மணி நேரமாவது ஓட வேண்டும். பத்து நிமிடத்தில் பையன் நிறுத்தப் போனான். "தம்பி, அது ஓடட்டும், நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். இரண்டு டீ ஆயிற்று.