பெரிய எண்ணை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

12,34,56,789 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது பகா எண்ணா, அதற்கு எத்தனை காரணிகள், அவற்றின் கூடுதல் எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் முதலில் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தாக வேண்டும். அதில் பிசகினால் அப்புறம் வருவதெல்லாம் பிசகுதான்.

இதன் இலக்கங்களைக் கூட்டினால் 45. ஆகவே 9-ஆல் வகுபடும், சரி. இதே வழியை 27-க்கும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அது செல்லாது. 1899-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27 வருகிறது, ஆனால் அந்த எண்ணை 27-ஆல் வகுத்தால் மீதி 9. பத்தை 9-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால்தான் அந்த விதியே வேலை செய்கிறது. 27-க்கு அந்த வசதி இல்லை.

9-ஐ எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1,37,17,421. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போய், நூறைத் தாண்டியும் எதுவும் சரியாகப் போகவில்லை என்றதும் பகா எண் என்று எழுதிவிடுகிறார்கள். வர்க்கமூலம் வரை பார்க்காமல் அந்த முடிவுக்கு வரவே கூடாது. இதன் வர்க்கமூலம் சுமார் 3703.7. 3600 வரை பொறுமையாக வகுத்து வந்தவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. அதற்குச் சற்றுத் தள்ளி 3607-இல் சிக்கும். 3607 × 3803 = 1,37,17,421. முதல் எண்ணின் வர்க்கமூலமான 11,111 வரை போகத் திட்டமிடுவதும் வீண் வேலை. மிச்சமுள்ள எண்ணின் வர்க்கமூலமே போதும்.

சிறிய எண்களிலிருந்து மட்டுமே தேடுவேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா காட்டிய வழி ஒன்று இருக்கிறது: வர்க்கமூலத்துக்கு மேலுள்ள முழு எண்களை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி, நம் எண்ணைக் கழித்து, மிச்சமும் முழு வர்க்கமாக வருகிறதா என்று பார்ப்பது. 3704-இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 2195. அது முழு வர்க்கம் இல்லை. 3705-இன் வர்க்கம் 1,37,27,025. கழித்தால் 9604, அதாவது 98-இன் வர்க்கம்! 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டே படியில் முடிந்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் மனம் நிறையும் கணக்கு இது. ஆனால் இந்த வழியில் வந்தவர்கள் 3607, 3803 இரண்டும் பகா எண்கள்தானா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 61 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், இரண்டும் தேறிவிடும்.

இப்போது 12,34,56,789 = 3² × 3607 × 3803. அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 3 × 2 × 2 = 12 காரணிகள். கூடுதலைக் கண்டுபிடிக்கும்போது 3²-க்கு (1 + 3)² என்று 16 போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 1 + 3 + 9 = 13 என்பதே சரி. மற்ற இரண்டுக்கும் 1 + 3607 = 3608, 1 + 3803 = 3804. 13 × 3608 × 3804 = 17,84,22,816.

கருவியை நம்பியும் ஏமாறலாம். எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே அப்படியே வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். ஒற்றைப்படை எண்கூட 10-ஆல் வகுபடுவதாகக் காட்டும். பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கேயும் / போட்டு வகுத்தால் விடை தசம எண்ணாக மாறித் துல்லியம் போய்விடும். வகுபடுகிறதா என்று பார்க்க, மீதியைத் தரும் % குறியைத்தான் போட வேண்டும்.