ரோகிணி நட்சத்திரத்தை வானில் கண்டறிவது எப்படி?

நாள்காட்டியில் அடிக்கடி பார்க்கும் ரோகிணி, வெறும் கண்ணாலேயே காணக்கூடிய ஒரு சிவப்புப் பெருமீன். வானியலில் அதன் பெயர் ஆல்டிபரான். தொலைநோக்கி எதுவும் தேவையில்லை.

முதலில் காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் இது நன்றாகத் தெரியும். மே மாத இறுதியில் சூரியனை ஒட்டி நிற்பதால் தென்படாது. தேடிப் பழக ஏற்றது டிசம்பர் நடுப்பகுதியில் இரவு எட்டு மணி.

அந்நேரத்தில் கிழக்கு நோக்கி நின்றால், மூன்று விண்மீன்கள் சம இடைவெளியில் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது தெரியும். அது வேடன் வடிவில் உருவகிக்கப்படும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைப்பட்டை. கையை முழுவதும் நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. பட்டையின் கோட்டை மேல்நோக்கி இடப்புறமாக இரண்டு முட்டிக்குச் சற்று அதிகமாக நீட்டுங்கள். கோட்டுக்குச் சிறிது இடப்புறம் ஒளிரும் செம்மஞ்சள் மீன்தான் ரோகிணி. பட்டைக்கு இடப்புறம் ஒரு முட்டித் தொலைவில் சிவந்து நிற்பது திருவாதிரை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, கண்டது சரிதானா என்று உறுதி செய்ய வேண்டும். ரோகிணியை ஒரு கிளையின் நுனியாகக் கொண்டு, மங்கலான சில மீன்கள் இரு கிளையாக விரிந்திருக்கும். இந்த வடிவத்தை வண்டியாகக் கண்டுதான் நம் முன்னோர் ரோகிணியைச் 'சகடு' என்றனர். திங்கள் சகடத்தைச் சேரும் நாளை மணநாளாகக் கொண்டனர், கோவலன் கண்ணகி திருமணமும் சிலப்பதிகாரத்தில் அத்தகைய நாளிலேயே நடக்கிறது. இன்னும் மேலே ஒன்றரை முட்டித் தொலைவில் கார்த்திகைக் கூட்டம் இருக்கும். அது எழுந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே ரோகிணி எழுவதால், பின்தொடர்வது என்னும் பொருளில் அரபியர் இட்ட பெயரே ஆல்டிபரான் ஆயிற்று.

இப்போது நிறத்தைப் பொறுமையாகப் பாருங்கள். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, மையத்தைச் சுற்றிய அடுக்கில் அது எரியத் தொடங்கியதால், இம்மீன் சூரியனைப் போல் சுமார் 45 மடங்கு விட்டத்துக்கு உப்பிவிட்டது. சூரியப் பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ் என்றால், இதன் பரப்பில் சுமார் 3,600 தான். செம்மைக்குக் காரணம் அதுவே. சுமார் 500 கோடி ஆண்டுகளில் நம் சூரியனும் இந்நிலையை அடையும். வியப்பு என்னவென்றால், ரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவில் இருக்க, சகட்டின் மற்ற மீன்கள் சுமார் 150 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளன. ஒரே திசையில் இருப்பதால்தான் சேர்ந்து தெரிகின்றன.

கடைசியாக, நாள்காட்டியில் ரோகிணி என்று குறித்த நாளில் நிலவைப் பாருங்கள். சகட்டின் அருகே நிற்கும். கார்த்திகை மாதத்தில் அது முழுநிலவை ஒட்டி வருவதால் ஒளியில் மங்கலான மீன்கள் மறைந்துபோகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிலவு வளர்பிறையாக இருக்கும்போது பார்ப்பதே நல்லது.