சீரியலுக்கு எழுதக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் சீரியலுக்கு எழுத வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கதையைத் தூக்கிக்கொண்டுதான் சென்னையில் வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் வருகிறார்கள். அங்கே உள்ள தயாரிப்பு அலுவலகங்களில் கதைக்குப் பஞ்சம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு ஷூட்டிங், வசனப் பேப்பர் இன்னும் வரவில்லை. அவர்களுடைய கவலை அது. வருகிறவர் விற்க நினைப்பது ஒன்று, அங்கே தேவைப்படுவது வேறொன்று. கீழே வரும் தவறுகளில் பாதி இதனால் வருபவை.

சினிமாக் கதையை இழுத்து நீட்டுவது

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அரை மணி ஸ்லாட்டில் அது 6 நிமிடம். மீதி 24இல் டைட்டில், முன்கதை, நாளைய காட்சி எல்லாம் போனால் எழுத்தாளர் நிரப்ப வேண்டியது 20 முதல் 22 நிமிடம். வாரத்துக்கு ஆறு எபிசோட் என்றால் வருஷத்துக்கு 312. எபிசோடுக்கு 21 நிமிடம் என்று வைத்தாலும் 109 மணி நேரம் வருகிறது. இரண்டரை மணி நேரப் படங்கள் நாற்பத்து மூன்றை ஒரே வருஷத்தில், அதே ஆட்களை வைத்து எடுப்பதற்குச் சமம் இது.

'கணவனை இழந்த பெண் படித்துக் கலெக்டர் ஆகிறாள்' என்று ஒருவர் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது போய்ச் சேரும் ஊர் முன்கூட்டியே தெரிந்த பயணம். எண்பதாவது எபிசோடில் அவள் பரீட்சை எழுதிவிடுவாள், அதற்குப் பிறகு வீட்டில் என்ன சண்டை? கதை கேட்கும் எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர், அதாவது ஈ.பி., முதலில் கேட்பது இதைத்தான். பதில் இல்லாவிட்டால் காபி வரும், வாய்ப்பு வராது.

இதையே இப்படி வைத்துப் பாருங்கள்: கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக் குடும்பம். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். கடைக் கடனை அடைக்க, மூத்தவள் கோமதி இளையவள் வித்யாவின் வளையலை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்துவிட்டாள். கடன் இருப்பது மாமியாருக்குத் தெரியாது. அடகு வைத்தது மூத்தவளின் கணவனுக்குத் தெரியாது. கோமதியைத் தவிர இரண்டுமே தெரிந்த ஒரே ஆள் கடைக் கணக்குப்பிள்ளை. இதில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. ஆனால் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஒரு கட்டம் போட்டால், அதில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு வாரத்து ட்ராக், அதாவது கதையோட்டம். ஒரு ரகசியம் உடைவதற்குள் அடுத்தது பிறந்துவிட வேண்டும். ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாத உறவுகள் அந்தக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். சீரியல் ஓடும் வண்டி இதுதான், இலட்சியம் வழியில் ஏறிக்கொள்ளலாம்.

ஐம்பது எபிசோட் எழுதிக்கொண்டு போவது

உழைப்பைக் காட்டினால் மதிப்பார்கள் என்று ஐம்பது எபிசோடுக்கு வசனம் வரை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. படித்தாலும், மாற்றச் சொன்னால் இவர் மாற்ற மாட்டார் என்ற பயம்தான் வரும். கொண்டுபோக வேண்டியவை இவ்வளவுதான்: இரண்டு வரியில் ஒன்லைன் (கதையின் சாரம்), ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், ஆறு முதல் எட்டு முக்கியப் பாத்திரங்களுக்கு ஆளுக்கு அரைப் பக்கம் (என்ன வேண்டும், எதை மறைக்கிறார், யாரைப் பார்த்தால் பயம்), முதல் இரண்டு வாரத்துக்கான, அதாவது பன்னிரண்டு எபிசோடுக்கான, சுருக்கமான ட்ராக், முதல் எபிசோட் மட்டும் முழு வசனத்தோடு. எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

யூனிகோடில் அடித்து, பி.டி.எஃப்.ஆக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் ஃபைலை ஈ.பி. தன் போனில் திறந்தால் கட்டம் கட்டமாகவோ சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகவோ தெரியும். திருப்பிக் கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

கதையோடு மட்டும் கதவைத் தட்டுவது

சீரியல் டைட்டிலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்று பெயர்கள் தனித்தனியாக வரும். மூன்றும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். புதியவர் எல்லோரும் குறிவைப்பது முதல் பெயரை. அந்த நாற்காலிதான் காலியாவதே அபூர்வம். பெரிய சேனல்கள் ஒரு மொழியில் ஜெயித்த கதையை மற்ற மொழிகளுக்கு எடுத்துக்கொள்கின்றன. வங்காளத்தில் வந்த 'ஸ்ரீமோயி'தான் தமிழில் 'பாக்கியலட்சுமி'. இங்கே 2018இல் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. வேறு ஊரில் சோதித்துப் பார்த்த கதை கையில் இருக்கும்போது, முன்பின் தெரியாதவரின் புதுக் கதைக்கு ஸ்லாட் கொடுக்க எந்தச் சேனலும் யோசிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த ரீமேக்குக்கும் தினம் தமிழில் எழுத ஆள் வேண்டும். எழுதுகிறவர் ஒருவரே ஆறு நாளும் தாக்குப்பிடிக்க முடியாமல் உதவியாளர் தேடுவார். உள்ளே போகும் வழி அதுதான்: வசனகர்த்தாவிடமோ திரைக்கதை எழுதுகிறவரிடமோ உதவியாளர், அல்லது சேனலில் சீரியல்களைக் கவனிக்கும் ஃபிக்‌ஷன் டீமில் ஒரு கீழ்நிலை வேலை. எனவே சந்திக்கப் போகும்போது கதையைவிட முக்கியமாக மூன்று மாதிரி சீன்கள் வைத்திருங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது சீரியலின் பாத்திரங்களை வைத்து எழுதினவையாக இருந்தால் இன்னும் நல்லது. உங்களால் அடுத்தவர் உருவாக்கிய ஆட்களின் வாயில் பேச முடியும் என்று அது காட்டும்.

படிப்பதற்கு எழுதுவது

வசனத்தில் புதியவர்கள் சறுக்கும் இடம் ப்ராம்ப்டிங். சீரியலில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வது குறைவு. கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாகச் சொல்வார், அதைக் கேட்டு அவர்கள் பேசுவார்கள். நாயகி பெங்களூருவிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வந்தவராக இருந்தால், குரல் பிறகு டப்பிங்கில் வேறொருவர் கொடுப்பார். இந்த நிலையில் இப்படி ஒரு வரி எழுதினால் என்ன ஆகும்?

வித்யா: அக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கூடக் கேக்காம, எங்க அம்மா எனக்கு ஆசையாப் போட்டு அனுப்பின வளையலை நீங்க கொண்டு போய் அடகு வெச்சது எனக்கு எவ்வளவு வலியைக் கொடுத்திருக்கும்னு எப்பவாவது யோசிச்சுப் பார்த்தீங்களா?

ப்ராம்ப்ட் செய்கிறவர் இதை நாலாக உடைப்பார். உடைத்த இடத்திலெல்லாம் நடிகையின் கண் கேமராவைத் தாண்டி அவர் பக்கம் ஓடும். இரண்டு டேக், மூன்று டேக். கடைசியில் இயக்குநரே ஸ்பாட்டில் வசனத்தை வெட்டிவிடுவார், எதை வெட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை. இதே சீன் இப்படி இருக்கலாம்:

வித்யா: அக்கா, என் வளையல் எங்க?
கோமதி: பீரோல இருக்கும். பாரு.
வித்யா: பார்த்துட்டேன்.
(பூஜை அறையிலிருந்து மாமியார் வருகிறார்.)
மாமியார்: என்னம்மா தேடறீங்க?
கோமதி: கற்பூரம், அத்தை.
(வித்யா கோமதியைப் பார்க்கிறாள். கோமதியின் கை நடுங்குகிறது.)

எந்த வரியும் ஒரே மூச்சைத் தாண்டவில்லை. கேமராவுக்கு மூன்று முகங்கள் கிடைக்கின்றன. அழுகை இல்லை. மாமியாரிடம் வித்யா உண்மையைச் சொல்வாளா மாட்டாளா என்ற கேள்வியோடு நிற்கிறது, அங்கேயே 'தொடரும்' போடலாம். எபிசோடுக்கு ஆறேழு சீன் என்றால் ஒவ்வொன்றும் இப்படி ஒரு கேள்வியில் முடிய வேண்டும். விளம்பர இடைவேளைக்கு முன்னால் வரும் சீனுக்கும் கடைசி சீனுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

வட்டார வழக்கிலும் ஒரு எச்சரிக்கை. நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ உங்களுக்குச் சரளமாக வரலாம், ப்ராம்ப்ட் செய்கிறவருக்கும் டப்பிங் கலைஞருக்கும் வர வேண்டுமே. முறை சொல்லி அழைக்கும் சொற்களிலும், வாக்கியத்தின் முடிவில் வரும் இழுவையிலும் வட்டாரத்தை வைத்துக்கொண்டால் போதும். வரிக்கு வரி வைத்தால் திரையில் அது கேலி மாதிரி கேட்கும்.

செலவு தெரியாமல் எழுதுவது

ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு எபிசோடுக்கான ஃபுட்டேஜ் எடுத்தாக வேண்டும். 'மழையில் நனைந்தபடி பேருந்து நிலையத்தில் ஓடுகிறாள்' என்பது காகிதத்தில் அரை வரி. எடுப்பதற்கு அனுமதி, கூட்டம், தண்ணீர் லாரி, அரை நாள். ஹால், சமையலறை, பூஜை அறை, இரண்டு பெட்ரூம், மொட்டை மாடி: உங்கள் உலகம் இதற்குள்தான் முதலில் சுழல வேண்டும். ஒரே சீனில் பதினொரு பேரை நிற்க வைத்தால் எல்லோருக்கும் ரியாக்‌ஷன் எடுத்தே பொழுது சாய்ந்துவிடும்.

கால்ஷீட்டும் உண்டு. மாமனாராக நடிப்பவருக்கு இந்த வாரம் டேட் இல்லை என்று திங்கட்கிழமை தகவல் வரும். அவர் இல்லாமல் நகராத சீனை எழுதி வைத்திருந்தால் எல்லோருக்கும் தலைவலி. அவரைப் போனில் பேச வைக்கலாம், அவர் அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் படிக்கலாம், கடைக்குப் போயிருக்கிறார் என்று ஒரு வரியில் முடிக்கலாம். சீரியலில் ஏன் எல்லோரும் எப்போதும் போனில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேலி செய்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அப்புறம், வியாழக்கிழமை. எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் வாராந்திர ரேட்டிங் வெளியாகும் நாள் அது. அன்றைக்குப் புதியவரைச் சந்திக்கும் மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். எண் இறங்கியிருந்தால் மூன்று வாரத்து ட்ராக் ஒரே மதியத்தில் தூக்கி எறியப்படும். வில்லியாக இருந்தவள் திருந்துவாள், இறந்தவர் திரும்பி வருவார். இதில் மனம் கசந்து சண்டை போடுகிறவர்கள் அடுத்த மாதம் அங்கே இருப்பதில்லை.

பதிவு செய்யாமலும் கையெழுத்திடாமலும் இருப்பது

கதையைச் சொன்னால் திருடிவிடுவார்கள் என்று வாயே திறக்காதவர்கள் ஒரு பக்கம், நம்பி எல்லாவற்றையும் வாய்மொழியாகவே கொட்டிவிடுகிறவர்கள் மறுபக்கம். சட்டம் கருத்தைக் காப்பாற்றாது, எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காப்பாற்றும். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 'இரண்டு மருமகள்கள், ஒரு வளையல்' என்பது யாருக்கும் சொந்தமில்லை. பாத்திரங்களோடும் சம்பவ வரிசையோடும் நீங்கள் எழுதி வைத்த பக்கங்கள் உங்களுக்குச் சொந்தம்.

பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இலக்கியப் படைப்பாகப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஒரு டைரி எண், அதாவது விண்ணப்பத்தின் அடையாள எண், வரும். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருந்த பிறகே பரிசீலனை தொடங்கும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் முதல் சாட்சி அதுதான். எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்வதும் வீண் போகாது. 2018இல் 'சர்கார்' படக் கதை பற்றிப் பிரச்சினை எழுந்தபோது, 2007இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யப்பட்டிருந்த கதைதான் பேச்சுவார்த்தைக்கு ஆதாரமாக நின்றது. கதை சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே, 'இன்று உங்களிடம் சொன்ன கதையின் சுருக்கம் இணைப்பில்' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். தேதியோடு ஒரு தடம் இருக்கும்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்திலும் கையெழுத்தோடும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'உலகம் முழுதும், நிரந்தரமாக' என்று அச்சடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். வேறு மொழி ரீமேக்குக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும், டைட்டிலில் எந்தப் பெயராக வருவீர்கள், உங்களை மாற்றினால் அதுவரை எழுதின எபிசோடுக்குப் பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் கேளுங்கள். எழுத வாய்ப்பு வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்பவரிடம் எதையும் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

டெஸ்ட் சீனில் புத்திசாலித்தனம் காட்டுவது

எல்லாம் கூடி வந்தால் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு போன் வரும். சீன் ஆர்டர் (எந்தச் சீன் எந்த வரிசையில், யார் யார் என்ற பட்டியல்) வாட்ஸாப்பில் வரும், காலை ஆறு மணிக்குள் மூன்று சீன் வேண்டும் என்பார்கள். இங்கே திறமைசாலிகளே தவறுகிறார்கள். 'இந்த இடத்தில் மாமியார் வருவது சரியில்லை' என்று வரிசையை மாற்றி, அற்புதமாக எழுதி அனுப்புவார்கள். செட்டில் அந்த ஆர்டர்படி ஆர்ட்டிஸ்டுகளுக்கு டைம் சொல்லியாகிவிட்டது, மாற்றியதை எடுக்க முடியாது. கொடுத்த வரிசையில், கொடுத்த ஆட்களோடு, கேட்ட நீளத்தில் எழுதுங்கள். மாற்றம் தோன்றினால் தனிப் பக்கத்தில் நாலு வரியாகப் போட்டு, கடைசியில் இணையுங்கள். ஆறு மணிக்கு அல்ல, ஐந்தரைக்கு அனுப்புங்கள். அந்த அரை மணியில்தான் இயக்குநர் காரில் ஏறி உட்கார்ந்து அதைப் படிப்பார்.