பி.ஏ. முடிச்சாச்சு, அடுத்து எம்.ஏ.வா, எம்.எஸ்.டபிள்யூ.வா, சட்டமா?

டெல்டாப் பக்கம் ஒரு அரசு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். ஏப்ரல் வந்தால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, "மேடம், பிஜி எதுல சேரலாம்?" என்று கேட்பார்கள். உனக்கு எதில் ஆர்வம் என்று கேட்டால் பாதிப் பேர் "எதுனாலும் ஓகே மேடம்" என்பார்கள். அதனால் ஆர்வத்தைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன். "பிஜி முடிச்சிட்டு எந்த வேலைக்கு அப்ளை பண்ணப் போறே? அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிடுவேன். கல்லூரிகளின் ப்ராஸ்பெக்டஸைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்படித் தலைகீழாக ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெவலப்மென்ட் ஸ்டடீஸ், பப்ளிக் பாலிசி, ஹியூமன் ரைட்ஸ் என்று முதுகலையில் புதுப்புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாடங்கள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரசு வேலை அறிவிப்புகள் இன்னும் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் என்ற பழைய பெயர்களில்தான் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நம் பிள்ளைகள்.

முதலில் பள்ளி ஆசிரியர் வேலையைப் பார்ப்போம், கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது அதுதான். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர்களை எடுக்கும் பிஜி டிஆர்பி தேர்வை எழுத முதுகலையோடு பி.எட். வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.ஏ. பொருளியல் படித்தால் அது கிராஸ் மேஜர். படிக்கத் தடையில்லை, பள்ளி வேலைக்குத்தான் கதவு அடைபடும். இன்னொன்று: அந்த அறிவிப்பில் வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் எல்லாம் இருக்கும், சமூகவியல் இருக்காது. சமூகவியல் அருமையான பாடம், நானே பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். பள்ளிக்கூட வேலையை நம்பி அதில் சேராதீர்கள், அவ்வளவுதான்.

எங்களிடம் பி.ஏ. படித்த ஒரு மாணவி வேறொரு ஊரில் புதுப் பெயர் கொண்ட ஒரு எம்.ஏ.வை முடித்தாள். சேரும்போது அங்கே அவளிடம், "இது பொலிட்டிக்கல் சயின்ஸ் மாதிரிதான்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் மதிப்பெண் வந்துவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்பில் ஈக்குவலன்ஸ் ஜி.ஓ. எங்கே என்று கேட்டுவிட்டார்கள். அதாவது, இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது என்று அரசு போட்ட ஆணை. அவள் படித்த பட்டத்துக்கு அப்படி ஒன்று இல்லை. சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் ஒரு வரி கேட்டிருந்தால் போதும்: "சார், இதுக்கு ஈக்குவலன்ஸ் ஜி.ஓ. இருக்கா, நம்பர் என்ன?" நம்பர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் வந்துடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் பார்க்க வேண்டிய காகிதம், அந்தத் தகுதிக்கான நெட் தேர்வின் பாடப் பட்டியல். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயருக்குள் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் என்றால் 50 போதும். உங்கள் பட்டம் அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள். சமூகப்பணி, சமூகவியல், பொது நிர்வாகம், குற்றவியல், மனித உரிமை, மகளிரியல், சட்டம் எல்லாம் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. டெவலப்மென்ட் ஸ்டடீஸ் மட்டும் பொருளியல் தாளுக்குள் அடங்குகிறது. இரண்டு வருடம் வறுமை, புலம்பெயர்வு, கிராம ஆய்வு என்று படித்த பெண், நெட் ஹாலில் உட்கார்ந்து எகனாமெட்ரிக்ஸ் கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கும். தெரிந்தே சேர்ந்தால் பரவாயில்லை, முதல் செமஸ்டரிலிருந்தே பக்கத்தில் ஒரு பொருளியல் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறது, 2010-இல் வந்த சட்டம். 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கப்படும் படிப்பு வரைக்கும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். முதுகலை கேட்கும் வேலை என்றால் முதுகலையும் தமிழ் வழியில் இருந்தாக வேண்டும். பள்ளியும் பி.ஏ.யும் தமிழில் படித்துவிட்டு, கௌரவத்துக்காக எம்.ஏ.வை ஆங்கில வழியில் எடுத்தால் பி.எஸ்.டி.எம். எனப்படும் இந்தத் தமிழ் வழிச் சலுகை அந்த இடத்தில் அறுந்துவிடும். சரி, அப்படியானால் தமிழ் வழிதான் என்று முடிவெடுக்கலாமா? மொழிப் பாடங்களை விட்டால் நெட் தேர்வுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுகலை நுழைவுத் தேர்வான க்யூட் பிஜியும் அப்படியே. ஆகவே டிஆர்பியா, நெட்டா என்று முடிவு செய்யாமல் இதை முடிவு செய்ய முடியாது. தமிழ் வழியில் சேர்ந்து, படிப்பதை ஆங்கிலப் புத்தகத்தில் படித்து, தேர்வைத் தமிழில் எழுதிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். உழைப்பு இரட்டிப்பு, ஆனால் இரண்டு பக்கமும் வாசல் திறந்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்து இரண்டு மூன்று படிப்புகள் மிஞ்சினால், அப்போது சிலபஸைத் திறந்து பாருங்கள். முதல் செமஸ்டர் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதைப் பார்த்து எதுவும் தெரியாது. நேராக நாலாவது செமஸ்டருக்குப் போங்கள். ப்ராஜெக்டுக்கு எத்தனை கிரெடிட், வைவா உண்டா, ஆய்வு முறையியல் தனித் தாளாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எலெக்டிவ் பட்டியல். பத்து எலெக்டிவ் அச்சாகியிருக்கும், நடத்துவது இரண்டாக இருக்கும். போன வருடம் எவை நடந்தன என்று சீனியரிடம் கேட்டால்தான் தெரியும். கடைசியாக ஒவ்வொரு தாளுக்கும் கீழே இருக்கும் புத்தகப் பட்டியல். பஞ்சாயத்து ராஜ் பற்றிய தாளில் 1992-இல் வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்கள் மட்டுமே இருந்தால், அந்தத் தாளை ரொம்ப நாளாக யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ப்ராஸ்பெக்டஸில் இருக்கும் கட்டடப் படங்களைவிட இந்தப் பட்டியல் நிறையச் சொல்லும்.

துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். நானே கௌரவ விரிவுரையாளர், அதனால் தயங்காமல் சொல்கிறேன்: எங்களைப் போன்றவர்கள் பாடம் நன்றாகவே நடத்துவோம், ஆனால் பிஎச்.டி. கைடாக இருக்க முடியாது. ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கைடு ஆகக்கூடியவர்கள் துறையில் இருக்க வேண்டும், அவர்கள் எதில் வேலை செய்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

ஆராய்ச்சி ஆசை உள்ளவர்களுக்கு ஊரும் முக்கியம். வரலாறு படிக்கிறவருக்குச் சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. பொருளியலில் ஆழமாகப் போக வேண்டும் என்றால் கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. ஆனால் அங்கே கணக்கு இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது. பிளஸ் டூவில் கணக்கை விட்டதே நிம்மதி என்று இருப்பவர் வேறு இடம் பார்ப்பது நல்லது.

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை வேறு மாதிரி. எந்தப் பட்டம் முடித்தவரும் பெரும்பாலும் சேரலாம் என்பதால் கூட்டம் அதிகம். சமுதாய மேம்பாடு, மருத்துவ - மனநலச் சமூகப்பணி, மனிதவளம் என்று பிரியும், ஒவ்வொன்றும் போகும் இடம் வேறு. மனிதவளம் எடுத்தவர் ஃபேக்டரிக்குப் போவார், மருத்துவப் பிரிவு எடுத்தவர் ஆஸ்பத்திரிக்கு. மும்பையில் டிஸ் எனப்படும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-இல் தொடங்கியது, சென்னை எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-இல். பெயர் பெற்ற இடங்கள், போட்டியும் அதற்கேற்ப. எங்கே சேர்ந்தாலும் கேட்க வேண்டியது களப்பணி பற்றித்தான்: வாரத்தில் எத்தனை நாள், எந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள், ரிப்போர்ட்டை யார் படித்துத் திருத்துகிறார்கள், பஸ் செலவு யாருடையது. கையெழுத்து வாங்கி வந்தால் போதும் என்று அனுப்பும் இடத்தில் சேர்ந்தால் கையில் பட்டம் இருக்கும், வேலை தெரிந்திருக்காது.

உளவியல் கேட்டு வருகிறவர்கள் இப்போது ரொம்ப அதிகம். எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல் முடித்தவுடன் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். தபால் வழியில் உளவியல் படிக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி நிறுத்திவிட்டது. சட்ட முதுகலையான எல்.எல்.எம்.மும் தொலைநிலையில் கிடையாது. "கிடைக்கும், வாங்க" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். எல்.எல்.பி. முடித்தவர்கள் எல்.எல்.எம்.மைப் பதவி உயர்வு போல நினைக்கிறார்கள். வக்கீலாகத் தொழில் செய்ய அது தேவையே இல்லை, எல்.எல்.பி.யும் பார் கவுன்சில் பதிவும் அகில இந்திய பார் தேர்வும் போதும். நீதிபதி ஆக ஆசை என்றாலும் முதலில் கோர்ட்டுக்குப் போங்கள். சிவில் நீதிபதி வேலைக்கு மூன்று ஆண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும், அல்லது அரசியலமைப்பு, அறிவுசார் சொத்துரிமை என்று ஒரு துறையில் ஆழமாகப் போக வேண்டும் என்பவர்களுக்குத்தான் எல்.எல்.எம்.

அதிலும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இரண்டு வகை. திருச்சி உட்பட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருடம், நுழைவுக்குக் கிளாட் பிஜி என்ற தேர்வு. டெல்லி மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு வைக்கிறது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம். பணமும் அவசரமும் இருந்தால் ஒரு வருடம் சரி. ஆய்வுக் கட்டுரையை நிதானமாக எழுதி நெட்டுக்கும் படிக்க வேண்டும் என்பவருக்கு நான் இரண்டு வருடத்தைத்தான் சொல்வேன், ஒரு வருடப் படிப்பில் மூச்சு விடுவதற்குள் வைவா வந்துவிடும். சேரும் எண்ணம் இல்லாவிட்டாலும் கிளாட் பிஜி எழுதி வைக்கலாம். சில பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு சட்ட அலுவலர்களை எடுத்திருக்கின்றன.

பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ.வா, மூன்று வருட எல்.எல்.பி.யா என்று குழம்புகிறவரிடம், பக்கத்து கோர்ட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வரச் சொல்வேன். வாய்தா வாங்குவதைப் பார்த்து அலுப்பு வந்தால் எம்.ஏ., அடுத்த கேஸ் என்ன என்று எட்டிப் பார்த்தால் எல்.எல்.பி.

இனி தேதிகள். கிளாட் பிஜி டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. க்யூட் பிஜி தேர்வு மார்ச் வாக்கில், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே. ஜே.என்.யூ., டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர், காந்திகிராமம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தேர்வு. 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 போகும். ஏப்ரலில் என்னிடம் வந்து கேட்கிறவர்களுக்கு அந்த வருடத்து வாசல் மூடியிருக்கும். ஐந்தாவது செமஸ்டரிலேயே வாருங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

பணக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போடுங்கள். அரசுக் கல்லூரியிலும் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் கட்டணம் பயமுறுத்தாது, ஹாஸ்டல் மெஸ் பில்தான் மாதாமாதம் வரும். புதுமைப்பெண் திட்டத்தின் 1000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும், அதை நம்பி மெஸ் கணக்குப் போடாதீர்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழைத் தாலுகா ஆபீஸில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், ஜூனில் அங்கே நிற்க இடம் இருக்காது.

மத்தியப் பல்கலைக்கழகத்தின் முடிவு வருவதற்குள் உள்ளூரில் ஒரு இடத்தைப் பிடித்து வைப்பது புத்திசாலித்தனம்தான். சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளைச் சரிபார்க்கக் காட்டுங்கள், காட்டியதும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிகள் ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. கவுண்டரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த அறிவிப்பின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.