டேப்லெட் மக்கர் செய்தால் இவற்றைச் செய்யாதீர்கள்

எங்கள் ரிப்பேர் கடைக்கு வேலை பழக வரும் பையன்கள் எல்லாரும் ஒரே வரிசையில்தான் தப்பு செய்கிறார்கள். முதலில் ரீசெட், அப்புறம் ஊசி, அப்புறம் யூடியூப். நாங்கள் பழகிய காலத்திலும் வரிசை இதுதான், யூடியூப் மட்டும் புதுசு. இப்போது அதே வேலைகளை வீட்டிலேயே செய்து முடித்துவிட்டு, டேப்பை மஞ்சப்பையில் சுற்றி எடுத்து வருகிறார்கள். ஆன்லைன் வகுப்புக்காக 2020, 2021ல் வாங்கிய டேப்கள் ஒவ்வொன்றாகப் படுக்கிற வயசு இது. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

சுவிட்ச் போட்டிருக்கிறதா, ஏரோப்ளேன் மோடு ஆனில் இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதைப் பார்க்க உங்களுக்கு நான் தேவையில்லை.

பத்து நிமிடத்தில் "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டுவது

பீரோவில் மாதக்கணக்கில் கிடந்த டேப்பை எடுத்துச் சார்ஜில் போடுகிறார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே போர்டு போய்விட்டது என்று முடிவு. லித்தியம் பேட்டரி அடியோடு வடிந்துபோனால் அதோடு இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். மறுபடி உயிர் வரும்வரை மிகக் குறைந்த அளவில்தான் சார்ஜ் ஏறும். அந்த நேரத்தில் பேட்டரிப் படம்கூடத் திரையில் தெரியாமல் இருக்கலாம். சார்ஜில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதற்கும் முன்னால் சார்ஜரைப் பாருங்கள். சாம்சங் டேப் ஏ8ல் இருப்பது 7040 எம்ஏஎச் பேட்டரி, கணக்குப் போட்டால் ஏறத்தாழ 27 வாட்-மணி. பழைய பட்டன் ஃபோன் காலத்து 5 வாட் சார்ஜரை அதில் மாட்டினால், காகிதக் கணக்கிலேயே ஐந்தரை மணி நேரம் ஆகும். நடைமுறையில் வீணாவதையும் சேர்த்தால் ஏழு மணி நேரம் பிடிக்கும். அதுவும் டேப்பை அணைத்து வைத்திருந்தால். குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டே சார்ஜ் போட்டால் ஏறுவதும் இறங்குவதும் சரிக்குச் சரி. "சார்ஜ் போட்டா குறையுது அண்ணாச்சி" என்று வரும் டேப்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு சார்ஜரும் வேறு கேபிளும் மாட்டினால் போதும்.

திரை கறுப்பாக இருக்கிறது, ஆனால் மெசேஜ் வரும் சத்தம் கேட்கிறது என்றால் அது பெரும்பாலும் உறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். சாம்சங்கில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். ஹோம் பட்டன் உள்ள ஐபாடில் ஹோமையும் பவரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஹோம் பட்டன் இல்லாததில், பவர் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்யூம் பட்டனை ஒரு தட்டு, மற்ற வால்யூம் பட்டனை ஒரு தட்டு, பிறகு பவரை அழுத்திப் பிடித்தபடி ஆப்பிள் சின்னம் வரும்வரை விடக்கூடாது. இதைச் செய்தால் ஒரு ஃபோட்டோகூட அழியாது. பலரும் இதை, எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டோடு குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை.

சார்ஜ் போடும் ஓட்டைக்குள் ஊசி, ஹேர்பின்

வேண்டாம். டேப்பை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் பஞ்சை மட்டும் மெதுவாக வெளியே எடுங்கள். டைப்-சி ஓட்டையின் நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்துவிட்டால் போர்ட் முழுவதையும் மாற்ற வேண்டும்.

எதற்கெடுத்தாலும் ஃபேக்டரி ரீசெட்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது. கொளுத்திய பிறகுதான் வீட்டுச் சாவியும் உள்ளேயே இருந்தது என்பது நினைவுக்கு வரும்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பேரனோடு கடைக்கு வந்தார். டேப் அவர் கணவருடையது, அவர் தவறிப்போய் அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், கெட்டிக்காரன். ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்பை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆன் ஆகிவிட்டது, ஆனால் யூடியூப் திறக்கவில்லை, எந்த இணையதளத்துக்குப் போனாலும் பாதுகாப்பானது இல்லை என்று எச்சரிக்கை. பையன் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் பிடித்து, டேப் முழுதாகத் திறக்காமலே வரும் ரெகவரி மோடு மெனுவுக்குப் போய், எல்லாவற்றையும் அழிக்கும் "வைப் டேட்டா" கொடுத்துவிட்டான். டேப் புதிதாகப் பிறந்தது. வணக்கம் சொன்னது, வைஃபை கேட்டது, அடுத்து, இந்தச் சாதனத்தில் முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடு என்று நின்றுவிட்டது.

"அம்மா, ஐயா என்ன ஜிமெயில் வச்சிருந்தாங்க?"

"அதெல்லாம் தெரியாது தம்பி. வாங்கும்போது கடையில இருந்த பையன்தான் ஏதோ போட்டுக் குடுத்தான்."

பில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அப்புறம் பேரனிடம், ரீசெட் போடும் முன் கடிகாரம் என்ன காட்டியது என்று கேட்டேன். "தேதி 2019ன்னு இருந்துச்சு அண்ணாச்சி, அதனால என்ன?" என்றான். அதனால்தான் எல்லாமே. தேதியைச் சரி செய்திருந்தால் யூடியூப் அங்கேயே திறந்திருக்கும். ஒரு நிமிட வேலை.

டேப்பைக்கூட எப்படியாவது திறந்துவிடலாம். டீச்சர் கேட்டது டேப்பை இல்லை. அதில் கணவர் எடுத்து வைத்திருந்த ஃபோட்டோக்களையும், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்ததையும்தான் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "டேட்டா ரெகவரி சாஃப்ட்வேர் போட்டா வந்துரும்" என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய மெமரி கார்டில் அழிந்த படத்தைத் தோண்டி எடுத்த காலத்து நம்பிக்கை அது. இன்றைய டேப்பில் உள்ளே சேமித்தவை என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கும், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும். ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த புது சாதனங்களில் கூகுள் இதைக் கட்டாயமாக்கிவிட்டது, ஐபாடில் அதற்கும் முன்பிருந்தே உண்டு. ரீசெட் போட்டால் அந்தப் பூட்டின் திறவுகோலே அழிகிறது. மிச்சம் இருப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் வரை போனாலும் இதுதான் நிலைமை. எடுத்துத் தருகிறேன் என்று அட்வான்ஸ் கேட்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

கணக்கு கேட்கும் பூட்டு 2015ல், ஆண்ட்ராய்டு 5.1 உடன் வந்தது. திருடியவன் ரீசெட் போட்டு விற்றுவிடக் கூடாது என்பதற்காக. ஆப்பிள் அதற்கு முன்பே, 2013ல், ஐஓஎஸ் 7ல் கொண்டுவந்துவிட்டது. ரெகவரி மோடு வழியாக ரீசெட் போட்டால் டேப் உங்களைத் திருடனாகத்தான் பார்க்கும். உள்ளே போய், லாக்கைத் திறந்து, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் போட்டால், உரிமையாளர்தான் செய்கிறார் என்று பொதுவாக ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொள்ளும். அதுவும் ஐபாடுக்குப் பொருந்தாது. அங்கே, தொலைந்ததைத் தேடும் "ஃபைண்ட் மை" வசதி ஆனில் இருந்தால் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் நகர முடியாது.

இன்னொரு வம்பும் உண்டு. ரெகவரி மெனுவில் "வைப் கேஷ் பார்ட்டிஷன்", "வைப் டேட்டா" இரண்டும் பல டேப்களில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும். இரண்டாவது எல்லாவற்றையும். தொடுதிரை அங்கே பெரும்பாலும் வேலை செய்யாது, வால்யூம் பட்டனால் ஒவ்வொரு வரியாக இறங்க வேண்டும். கை ஒரு தட்டு கூடத் தட்டினால் முடிந்தது. எங்கள் கடையில் புதுப் பையன்களை ஆறு மாதத்துக்கு அந்த மெனுவுக்குள் விடுவதில்லை.

சரி, ரீசெட் போட்டே ஆக வேண்டும் என்ற நிலைமையும் வரும். அப்போது செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் அதில் எந்த ஜிமெயில் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கணக்கை வேறொரு ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ உண்மையாகவே திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறது என்று நினைப்பது வேறு, திறப்பது வேறு. திறக்கவில்லை என்று புதுப் பாஸ்வேர்டு வைத்தால் ஒரு நாள் பொறுத்த பிறகே ரீசெட் பக்கம் போங்கள், மாற்றிய உடனே போட்டால் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். கணக்கு திறந்ததும் கூகுள் ஃபோட்டோஸில் கடைசியாக எடுத்த படம் வந்திருக்கிறதா பாருங்கள். "பேக்கப் ஆன்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிறைந்துபோய், போன வருடத்தோடு நின்றிருக்கும். வாட்ஸ்அப் இருந்தால் அதன் பேக்கப் தேதியையும் பாருங்கள். மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் ரீசெட் தேவைப்படுகிறதா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

டேப் வாங்கும்போது கவுன்டரில் இருக்கும் பையன் "நானே எல்லாம் போட்டுத் தரேன் சார்" என்றால், நன்றி சொல்லி டேப்பைக் கையில் வாங்கிவிடுங்கள். அவன் அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் கணக்கு ஆரம்பித்து, நாலு பேருக்கும் போட்ட அதே பாஸ்வேர்டைப் போட்டு, மீட்பு நம்பராகத் தன் நம்பரையே கொடுத்திருப்பான். மூன்று வருடம் கழித்து அந்தக் கடையும் இருக்காது, அவனும் இருக்க மாட்டான். உங்கள் கணக்கு, உங்கள் நம்பர். பில்லை வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள். பூட்டிக்கொண்டால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அதைத்தான்.

யூடியூபில் பூட்டைத் தாண்டும் வீடியோக்கள் ஆயிரம் இருக்கும். அதில் காட்டும் ஓட்டைகள் பெரும்பாலும் அடுத்த அப்டேட்டிலேயே அடைபட்டவை. வீடியோவின் கீழே இருக்கும் லிங்கில் இறக்கச் சொல்லும் ஆப் என்ன செய்யும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கிளீனர் ஆப், பேட்டரி சேவர் ஆப்

எடுத்துவிடுங்கள். டேப் வேகமாகும்.

வைஃபை இருக்கிறது, எதுவும் திறக்கவில்லை

ரூட்டரைத் திட்டுவதற்கு முன் டேப்பின் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு, அதற்கு ஆரம்பத் தேதியும் காலாவதித் தேதியும் உண்டு. டேப் 2019ல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ்கள் அதற்கு இன்னும் பிறக்காதவை. எல்லாவற்றையும் தள்ளிவிடும். தேதியைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை ஆன் செய்யுங்கள், சரியாகவில்லை என்றால் கையால் போடுங்கள்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் பிழை காட்டினால் டேப்பின் வயதைப் பாருங்கள். ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழைப் பயன்படுத்துகின்றன. அதன் மூலச் சான்றிதழ் 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் இல்லை. அந்தப் பழைய டேப்களுக்காகச் செய்திருந்த இடைக்கால ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே வைத்திருக்கும் என்பதால் அது ஏற்கெனவே டேப்பில் இருந்தால் அதில் முயன்று பாருங்கள். மற்றபடி அந்த டேப்பைப் பாட்டுக் கேட்கவும், சேமித்த வீடியோ பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலைக்கு வேண்டாம்.

வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை என்றால், ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடுகிறதா பாருங்கள். விலை குறைந்த பழைய டேப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

திரை தானாகத் துள்ளினால் டிஸ்ப்ளே மாற்றுவது

சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர். மலிவான சார்ஜரில் மின் இரைச்சல் வடிகட்டப்படாமல் டேப்புக்குள் வரும், தொடுதிரை அதை விரல் என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் செலவழித்து டிஸ்ப்ளே மாற்றிய பிறகும் துள்ளும் டேப்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றியும் துள்ளினால், ஓரம் தூக்கிய டெம்பர் கிளாஸை எடுத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் டிஸ்ப்ளே.

லாக் திறக்கும் பின் நம்பரைக் குழந்தை கையில் விடுவது

2019ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரின் மூன்று வயதுக் குழந்தை தப்பு நம்பராகத் தட்டித் தட்டி, அவருடைய ஐபாட் 2,55,36,442 நிமிடம் கழித்து முயலவும் என்று சொன்னது. கணக்குப் போட்டால் 48 வருடத்துக்கு மேல். கைரேகை வசதி இருந்தால் போட்டுவையுங்கள். குழந்தைக்குக் கொடுக்கும்போது நீங்களே திறந்து கொடுங்கள்.

அரிசிக்குள் புதைப்பது

உள்ளே போன தண்ணீரை அரிசி வெளியே இழுத்துவிடாது, மாவும் தூசியும்தான் போர்ட்டுக்குள் போகும். ஆப்பிளே தன் ஃபோன்களுக்கு இதைச் செய்யாதே என்று எழுதி வைத்திருக்கிறது. அணையுங்கள், ஓட்டை கீழே பார்க்க வையுங்கள், ஃபேன் காற்று படட்டும், சார்ஜ் போடாதீர்கள்.

உப்பிய பேட்டரியை அமுக்கி ஒட்டுவது

மேசையில் மல்லாக்க வைத்தால் டேப் ஆடுகிறதா? திரையின் ஓரம் லேசாகத் தூக்கி, உள்ளே இருந்து வெளிச்சம் கசிகிறதா? பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. இதை ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, மேலே ரப்பர் பேண்டு மாட்டிக் கொண்டு வருகிறார்கள். ஒருவர் இரண்டு நாள் தடிமனான புத்தகங்களுக்கு அடியில் வைத்திருந்ததாகச் சொன்னார். உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் தீப்பிடிக்கும், அதுவும் தண்ணீர் ஊற்றியதும் அடங்கிவிடுகிற தீ இல்லை.

வருடம் முழுவதும் சார்ஜரிலேயே மாட்டிக் கிடக்கும் டேப்களில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். சுவரில் மாட்டிய சிசிடிவி டேப், பூஜை அறையில் சுப்ரபாதம் பாடும் டேப். புதிய மாடல்கள் சிலவற்றில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது, இருந்தால் போட்டுவிடுங்கள்.

உப்பிவிட்டால் அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், படுக்கைக்கும் திரைச்சீலைக்கும் தள்ளி, சிமென்ட் தரையில் வையுங்கள். குத்தாதீர்கள், வளைக்காதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் அமுங்கும்போதும் பற்றிக்கொள்ளும். கையில் எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கும் இடத்துக்கு வாருங்கள். வண்டியின் சீட்டுக்கு அடியில் வெயிலில் வைத்துக் கொண்டுவர வேண்டாம்.