பழைய பென்ஸ் எஸ்எல்லுக்கு அலாய் வீல்: ஹப்பில் தொடங்கி ஹைவே வரை

நம்ம நெல்லை ஜில்லாவில் பழைய பென்ஸ் என்றால் பெரும்பாலும் 123, 124 என்ற மாடல் எண் கொண்ட செடான்கள்தான் கண்ணில் படும். அபூர்வமாக யாரோ ஒருவர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் மூடி ஒரு எஸ்எல் நிற்கும். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, 1971 முதல் 1989 வரை வந்த ஆர்107 வகை. அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவர் அடுத்து அலாய் வீலுக்குத்தான் வருவார். வரும்போதே போனில் பதினெட்டு இன்ச் குரோம் வீல் படம் ஒன்று தயாராக இருக்கும்.

படம் இருக்கட்டும் அண்ணாச்சி, முதலில் ஹப்பை, அதாவது வீல் போய் அமரும் பாகத்தை, அளப்போம்.

கீழே வரும் எண்கள் எல்லாம் ஆர்107-க்கு உரியவை. உங்களுடையது வேறு காராக இருந்தால் எண்கள் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதல் படி: கார் எங்கே ஓடப்போகிறது?

இந்த ரகக் கார்களைச் செய்ததே நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காமல் ஊர் போய்ச் சேரத்தான். நெல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நாலுவழிச் சாலையில் எந்த வீலும் நன்றாகத்தான் ஓடும். வள்ளியூரில் இறங்கி உவரிப் பக்கம் திரும்பிப் பாருங்கள், அல்லது முக்கூடல் வழியாகக் கடையம் போய்ப் பாருங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை, பாதிக்கு வெள்ளைக்கோடுகூடக் கிடையாது. பாலம் தொடங்கும் இடத்தில் தார் இறங்கி ஒரு விளிம்பு நிற்கும். டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் அந்த அடி முழுவதும் ரிம்முக்குத்தான் போகும். எத்தனை இன்ச் என்பதை இந்தச் சாலைகளை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: ஹப் சொல்லும் மூன்று எண்கள்

காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு வீலைக் கழற்றுங்கள். வெர்னியர் காலிப்பர் ஒன்று வேண்டும்.

ஒன்று, பிசிடி. ஐந்து போல்ட்டும் அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம். இதில் 112 மில்லிமீட்டர். பிந்தைய ஸ்கோடா ஆக்டேவியாவுக்கும் இதே 5x112 (ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர்) என்பதால், அந்த வீலைக் காட்டி “அப்படியே உட்காரும் சார்” என்பார்கள். உட்காராது. காரணம் இரண்டாவது எண்.

இரண்டு, சென்டர் போர். ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வளையம் பென்ஸில் 66.6 மில்லிமீட்டர். ஆக்டேவியா வீலின் நடு ஓட்டை 57.1 மட்டுமே. லேத்தில் கொடுத்துக் குடைந்து பெரிதாக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். அந்த வீலின் நடுப்பகுதியில் எவ்வளவு உலோகம் மிச்சமாகும் என்று தெரியாமல் அதில் இறங்காதீர்கள். வெளிச்சந்தை வீல்கள் பலவற்றில் ஓட்டை 73.1 என்று பெரிதாகவே வரும். அதற்கு 73.1க்கு 66.6 என்ற அளவில் ஒரு ஹப் ரிங் போட்டால் வீல் நடுவில் சரியாக அமரும். ரிங் இல்லாமல் போட்டால் 80 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் ஸ்டீயரிங் ஆட்டம் காட்டலாம். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் அது தீராது. பிளாஸ்டிக் ரிங் மலிவு. ஆனால் மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும் காருக்கு அலுமினிய ரிங் நல்லது.

மூன்று, போல்ட். எம்12, மரை 1.5. அதாவது தடிமன் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். இதற்குத் தனியாக வருகிறேன்.

மூன்றாம் படி: ஈடி

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வீலின் அகலத்துக்கு நட்டநடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் போய் அமரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ அதுவே ஈடி, அதாவது ஆஃப்செட். எண் கூடினால் வீல் காருக்குள் போகும். குறைந்தால் வெளியே வரும்.

எஸ்எல்லின் பழைய அலாய் 6.5 இன்ச் அகலம், 14 இன்ச் விட்டம், ஈடி 30. ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர், ஆக அகலம் 165. அதில் பாதி 82.5. உள்விளிம்பு ஹப் முகத்திலிருந்து 82.5 கூட்டல் 30, அதாவது 112.5 மில்லிமீட்டர் உள்ளே. வெளிவிளிம்பு 82.5 கழித்தல் 30, அதாவது 52.5 வெளியே. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த வீலைப் பார்த்தாலும் இதே கணக்கைப் போட்டு இவற்றோடு ஒப்பிட வேண்டும்.

1986 வாக்கில் பென்ஸ் கம்பெனியே எஸ்எல்லுக்கு 7 இன்ச் அகலம், 15 இன்ச் விட்டம், ஈடி 25 என்று மாற்றியது. கணக்குப் போட்டால் உள்ளே 113.9, வெளியே 63.9. உள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் கூடியிருக்கிறது, மிச்சமெல்லாம் வெளிப்பக்கம். உள்ளே சஸ்பென்ஷனுக்குப் பக்கத்தில் இடம் குறைவு, மட்கார்டுப் பக்கம் கொஞ்சம் இடம் உண்டு என்பதை இதிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

ஏமாறும் இடமும் இங்கேதான். சென்னை புதுப்பேட்டையிலோ ஆன்லைனிலோ தேடும்போது பதினைந்து ஓட்டை போட்ட தட்டையான பென்ஸ் வீல் கிடைக்கும். எஸ்எல்லுக்கும் பெரிய 126 செடானுக்கும் வந்த அதே முகம்தான் 124-இலும் வந்தது. முன்னால் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திருப்பிப் போட்டு, பிரேக் தூசியைத் துணியால் துடைத்து, வார்ப்பிலேயே இருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஒன்றில் 7 ஜே (7 இன்ச் அகலம்), ஈடி 25 என்று இருக்கும். மற்றதில் 6.5 ஜே, ஈடி 48 அல்லது 49. இந்த இரண்டாவதைப் போட்டால் உள்விளிம்பு பழைய இடத்தைவிட ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். 20 மில்லி ஸ்பேசர் போட்டால் சரியாகும் என்பார்கள். கணக்குப்படி சரிதான். என்றாலும் சரியான வீல் கிடைக்கிற காருக்கு ஸ்பேசரும் நீள போல்ட்டும் வாங்கிச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான்காம் படி: டயரை முடிவு செய்துவிட்டு ரிம்மை வாங்குங்கள்

பழைய அளவு 205/70 ஆர்14. அதாவது டயர் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 14 இன்ச். வெளிவிட்டம் 643 மில்லிமீட்டர் வரும். புதிய டயரின் விட்டம் இதிலிருந்து இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொண்டால் ஸ்பீடாமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது.

15 இன்ச்சில் கம்பெனி போட்டது 205/65 ஆர்15. விட்டம் 647 அல்லது 648. இந்த எண் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பழைய இன்னோவாவின் டயர் அளவு இது. நாங்குநேரியில் பஞ்சர் ஆகி நின்றாலும் பக்கத்து டயர் கடையில் இருக்க வாய்ப்புள்ள அளவு. 14 இன்ச்சில் நல்ல வேகத் தரமுள்ள 205/70 கிடைப்பது கஷ்டம். இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு 15 இன்ச்சுக்கு.

16 வேண்டுமென்றால் 225/55 ஆர்16, விட்டம் 654. எல்லைக்குள் வரும். ஆனால் டயர் 20 மில்லி அகலமாகிவிட்டது, உரசுகிறதா என்று பார்த்தாக வேண்டும். 17 இன்ச்சில் 225/45 போட்டால் விட்டம் 634, அதுவும் எல்லைக்குள்தான். பக்கச் சுவரைக் கவனியுங்கள். 205/65-இல் 133 மில்லிமீட்டர் ரப்பர். 225/45-இல் 101. மூன்று சென்டிமீட்டர் மெத்தையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முக்கூடல் வேகத்தடையில் ஏறப்போகிறீர்கள்.

டயர் வாங்கும்போது சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. சுமை எண் 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். வேக எழுத்து எச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240. இந்தக் காருக்கு எச்சுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: வீலைக் கையில் எடுத்துப் பார்ப்பது

புது வீலோ பழையதோ, பின்பக்கம்தான் முக்கியம். அளவு, ஈடி, தாங்கும் எடை, தர முத்திரை எல்லாம் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். ஜப்பானியத் தரம் என்றால் ஜேடபிள்யூஎல், ஜெர்மன் சந்தைக்குப் போனது என்றால் கேபிஏ எண். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, பின்னால் மொட்டையாக இருக்கும் வீலைத் தொடாதீர்கள். காரின் ஒரு அச்சு அதிகபட்சம் தாங்கும் எடையில் பாதிக்குக் குறையாமல் ஒவ்வொரு வீலும் தாங்க வேண்டும்.

பழையது என்றால் உள்பக்கப் பீப்பாயை விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் மேடு தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் சுற்றச் சொல்லுங்கள். விளிம்பு மேலும் கீழும் ஆடினால் கண்ணுக்கே தெரியும்.

மேல்பூச்சு பற்றி ஒரு வார்த்தை. உவரி, திருச்செந்தூர் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் குரோமை மறந்துவிடுங்கள். உப்புக் காற்றில் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கிவிடும். சாதாரண வெள்ளிப் பெயிண்டும் மேலே கிளியர் கோட்டும் போதும்.

ஆறாம் படி: போல்ட்

பென்ஸின் சொந்த அலாய்க்கு வரும் போல்ட்டின் தலையடி பந்து போல உருண்டிருக்கும். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. உருண்டையைக் கூம்பில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும், சில நாளில் தளரும். சோதிக்க ஒரு எளிய வழி: போல்ட்டின் தலையடியில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கையால் இறுக்கிக் கழற்றுங்கள். மை பட்டையாக அழிந்திருந்தால் சரியான ஜோடி. கம்பி மாதிரி ஒரு வளையம் மட்டும் அழிந்திருந்தால் வேறு போல்ட் வாங்குங்கள்.

நீளமும் அப்படித்தான். போல்ட் குறைந்தது எட்டுச் சுற்றாவது மரையில் ஏற வேண்டும். நீளம் கூடிப்போனாலும் ஆபத்து. பின் வீல் ஹப்புக்கு உள்ளே ஹேண்ட்பிரேக் ஷூ இருக்கிறது, நீண்ட போல்ட் அதில் போய் முட்டும். இறுக்கிய பிறகு வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள், டக் டக் என்று சத்தம் வரக்கூடாது. ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்தால் அதற்குக் குட்டை போல்ட் ஐந்து தனியாக டிக்கியில் கிடக்கட்டும்.

ஏழாம் படி: மாட்டிப் பார்ப்பது

டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை முன்பக்கம் மாட்டுங்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டையாக பிரேக் காலிப்பர் (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) மேல் ஒட்டி, வீலை ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

டயர் ஏறிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி, வேகத்தடையில் ஒரு வீல் மட்டும் ஏறும்படி சாய்வாக மெதுவாக ஓட்டுங்கள். மட்கார்டு உள்விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் உரசுகிறது என்று அர்த்தம்.

இறுக்க வேண்டிய அளவு 110 நியூட்டன் மீட்டர். கடையில் ஏர் கன்னை எடுப்பார்கள். “அண்ணாச்சி, கன் வேண்டாம், கையாலேயே இறுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, கடைசிச் சுற்றை உங்கள் டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்சத்திர வரிசையில், ஒரு போல்ட் விட்டு ஒரு போல்ட்டாக, முடியுங்கள். மரையில் கிரீஸ் பூச வேண்டாம். ஹப் வளையத்தில் மட்டும் லேசாகத் தடவலாம், மழைக்காலம் முடிந்து கழற்றும்போது ஒட்டிக்கொள்ளாது. அப்புறம் நாகர்கோவில் வரை ஒரு ஓட்டம் போய், அங்கே வண்டி ஆறியதும் மறுபடி ஒரு தடவை இறுக்கம் பாருங்கள்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நின்றால் செக்கிங்கில் முதலில் கண்ணில் படுவது அதுதான். கம்பெனியே இந்த மாடலுக்குக் கொடுத்த 15 இன்ச் அளவில் நின்றால் பேச்சுக்கு இடமிருக்காது. என்ன போட்டாலும் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பழைய 14 இன்ச் வீல்களை விற்காதீர்கள். குறிப்பாக ஃபுக்ஸ் கம்பெனி அடித்துச் செய்த அந்த அலங்கார வீல் உங்கள் காரில் இருந்தால், கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். பின்னால் காரை விற்கும் நாள் வந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான்.